சம்பந்தி ஏற்றினால்

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே அவருடைய பாதி ஆயுசு ஓடிவிட்டது. எதிரே நாய் வந்தால் பிரேக். நாய் வருமோ என்று தோன்றினால் பிரேக். தெருமுனையில் ஒரு பந்து உருண்டால், அதன் பின்னால் ஒரு பிள்ளை ஓடிவருமோ என்று பிரேக். அவரிடம் படிக்கிற காலத்தில் ஒருவரும் ஒரு குப்பைத்தொட்டியைக்கூட இடித்ததில்லை. லைசென்ஸ் வாங்கிச் சொந்த வண்டியில் ஏறிய பிறகுதான், வண்டி தானாக நிற்காது என்ற உண்மை அவர்களுக்குத் தெரியவரும்.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சம்பந்தியாக வாய்த்தவர் மைக்கும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறவர். கூட்டத்திலும் கச்சேரியிலும் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று, உரக்கப் பேசினால்தான் பேசியது மாதிரி இருக்கும் என்று ஆகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். மனசு என்னவோ வெண்ணெய்தான். வெளியே வருகிற வழிதான் கொஞ்சம் கரடுமுரடு.

பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். நமக்குக் குழப்பம் வேண்டாம். பெண்ணின் அப்பா வாத்தியார், பையனின் அப்பா சம்பந்தி என்றே வைத்துக்கொள்வோம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு சம்பந்தி வீட்டில்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கீழ்த்தளத்தில், ஸ்பீக்கர்கள் கூரை வரை அடுக்கியிருக்கும் அறையில், சீட்டாட்டம். பெரிய பெட்டி ஒன்றைப் படுக்கப் போட்டால் மேஜை. சின்னப் பெட்டிகள் நாற்காலி. ஆடுவது போக்கர். காசு கிடையாது, கடையில் குவிந்து கிடக்கும் இரும்பு வாஷர்கள்தான் பணயம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தது, தோற்றது எல்லாம் ஒரே டப்பாவுக்குத் திரும்பிப் போய்விடும். ஆனாலும், பத்து வாஷர் கூட இருந்தால் சம்பந்தி ராஜ்யத்தைப் பிடித்த மாதிரி மீசையைத் தடவுவார்.

அவர்கள் ஆடியது லிமிட் போக்கர். அதாவது, ஆவேசம் வந்து இருப்பதையெல்லாம் அள்ளி நடுவில் தள்ள முடியாது. ஒரு தடவைக்குப் பணயத்தை இவ்வளவுதான் ஏற்றலாம் என்று அளவு உண்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறப்பார்கள். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு வாஷர் வைத்தாக வேண்டும். ஒரு வாஷர் வைப்பவர் சின்ன பிளைண்ட். அவருக்கு அடுத்து உட்கார்ந்து இரண்டு வைப்பவர் பெரிய பிளைண்ட். ஆட்டத்துக்கு ஆட்டம் இந்தப் பொறுப்பு அடுத்த ஆளுக்கு நகரும்.

அறையில் இருப்பது ஒரே ஃபேன். முதல் நாள் யார் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அதுவே அவரவர் இடம் என்று நிலைத்துவிட்டது. சம்பந்தி, அவருக்கு இடது கைப்பக்கம் வாத்தியார், அப்புறம் அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர், வாத்தியாரின் மனைவி, சம்பந்தியம்மா. ஆகவே வாத்தியார் பெரிய பிளைண்டாக இருக்கும்போதெல்லாம் சின்ன பிளைண்ட் சம்பந்திதான். மற்ற மூவரும் நல்ல சீட்டு இல்லையென்று கவிழ்த்துவிட்டால், களத்தில் மிச்சம் இவர்கள் இருவர் மட்டும்.

அப்போது சம்பந்தி பெட்டியைத் தட்டி, "ஏத்துறேன்!" என்பார். அவர் குரலுக்கு அடுக்கி வைத்திருக்கும் ஸ்பீக்கர்களின் வலைத்தகடு அதிரும்.

வாத்தியார் தன் சீட்டைச் சரியாகக்கூடப் பார்க்க மாட்டார். "எடுத்துக்குங்க சம்பந்தி" என்று கவிழ்த்துவிடுவார். மேஜைக்கு அடியில் அவருடைய வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

சீட்டில் மட்டும்தானா? கல்யாணத் தேதியைச் சம்பந்தி சொன்னார். வாத்தியார் "உங்க இஷ்டம்" என்றார். மண்டபம் அவர் சொன்னது. பேத்திக்குப் பெயர் அவர் வைத்தது. வாத்தியாரின் மனதில் வேறொரு பெயர் இருந்தது. அது மனதிலேயே இருந்துவிட்டது. இதைக் கேட்டு அவரைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மகள் மேல் அவருக்கு உயிர். பெண்ணைக் கொடுத்த இடத்தில் நாம் முறுக்கிக்கொண்டு நின்றால், அந்த வீட்டில் சங்கடப்படப்போவது அவள்தானே என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பு. ஆனால் போட்டவர் அன்பில்தான் போட்டார்.

இப்போது தலை போகிற காரியம் ஒன்று வந்திருந்தது.

மகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். அவளும் மாப்பிள்ளையும் இருக்கும் வீட்டின் ஒப்பந்தமும் முடிகிறது. அதே சமயம், வாத்தியார் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ் வீடு காலியாயிற்று. வாத்தியார் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்காரரிடம் போய், "யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்க பொண்ணுக்குக் கேட்டுச் சொல்றேன்" என்று தவணை வாங்கி வைத்திருந்தார். சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தார். எந்த ஜன்னல் பக்கம் வெயில் வரும், தொட்டில் எங்கே போடலாம், பேத்தி தவழ்ந்து எது வரைக்கும் போவாள் என்று காலி அறையில் தனியாக நின்று யோசித்துவிட்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் தன் சொந்தக் கல்யாணத்தில்கூட நின்றதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அதைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார். சம்பந்தி முந்திக்கொண்டார்.

"சம்பந்தி! நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மூணு பேரும் இங்கேயே வந்துடட்டும். மாடி சும்மாதானே கிடக்கு? பேத்தியை நாங்க பாத்துக்கறோம். என்ன சொல்றீங்க?"

வாத்தியார் தண்ணீர் குடித்தார். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"உங்க இஷ்டம் சம்பந்தி" என்றார் வாத்தியார்.

மகள் மறுபடியும் தட்டைப் பார்த்துக்கொண்டாள். சம்பந்தி வீடு ஊரின் அந்தக் கோடி. இரண்டு பஸ் மாற வேண்டும். அன்று சீட்டாட்டத்திலும் சம்பந்தி ஏற்ற, வாத்தியார் கவிழ்க்க, அவர் கவிழ்த்த சீட்டுகளைக் கலைப்பதற்காக எடுத்த மனைவி ஒரு கணம் அப்படியே இருந்தாள். இரண்டும் ராணி. ஜோடி ராணியை வைத்துக்கொண்டு ஓடுகிற மனிதரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை பார்ப்பவள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்கிற கை. அந்தப் பொறுமை வீட்டில் மூன்று நாள் பிடித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் துணி கிளிப் டப்பாவையும் ஒரு சீட்டுக்கட்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"உக்காருங்க. இப்போ நான்தான் உங்க சம்பந்தி. ஏத்துறேன்" என்றாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நடுவுல எத்தனை கிளிப் கிடக்கு?"

"ஆறு. ஏத்தினதுல உன்னோடது நாலு, என்னோடது ரெண்டு."

"நீங்க கூட வரணும்னா எத்தனை போடணும்?"

"ரெண்டு."

"ரெண்டைப் போட்டு ஆறுக்கு ஆடுறீங்க. நாலு தடவை வந்து மூணு தடவை தோத்து ஒரு தடவை ஜெயிச்சாலே கணக்கு நேராயிடும். கையில இருக்கிறது எவ்வளவு குப்பையா இருந்தாலும் நாலுல ஒண்ணு ஜெயிக்காமலா போகும்? அதுவும் எதிர்ல இருக்கிறவர் கையில ஆஸ் வந்து ஏத்தலை. நீங்க ஓடுவீங்கன்னு தெரிஞ்சு ஏத்துறார்."

வாத்தியார் கிளிப்புகளைப் பார்த்தார். "அவர் மனசு கோணக்கூடாதும்மா."

"அப்புறம் இன்னொண்ணு." அவள் விடுகிற மாதிரி இல்லை. "பொதுச் சீட்டு திறந்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு சுத்துலயும் முதல்ல பேச வேண்டியவர் அவர். நீங்க ரெண்டாவது. அவர் என்ன செய்றார்னு பாத்துட்டு நிதானமா முடிவு எடுக்கலாம். அந்த மேஜையிலேயே உங்களுக்குத்தான் நல்ல இடம். அந்த இடத்துல உக்காந்துக்கிட்டு, சீட்டைப் பாக்காமலே எழுந்து ஓடுறீங்க."

"சீட்டுதானே, விடேன்."

"நான் சீட்டைப் பத்தியா பேசறேன்?" அவள் குரல் உடைந்தது. "உங்க பொண்ணு நேத்து போன் பண்ணினா. கீழ் வீடு காலின்னு நான்தான் சொன்னேன். அவளுக்கு இங்கே வரத்தான் ஆசை. மாமனார் அவ்வளவு ஆசையா கூப்பிடும்போது, மாட்டேன்னு மருமக வாயால எப்படிச் சொல்வா? மாப்பிள்ளைக்கு ரெண்டு இடத்துலேர்ந்தும் ஆபீஸ் ஒரே தூரம். அப்பாவும் மாமாவும் பேசிக்கட்டும்னு அவர் ஒதுங்கிட்டார். கேக்க வேண்டியவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க தவணை கேட்டதை வீட்டுக்காரரே என்கிட்ட சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பாராம்."

வாத்தியார் ஒரு கிளிப்பை எடுத்துத் திறந்து திறந்து மூடினார். அதற்கப்புறம் அவளே சீட்டைக் குலுக்கிப் போட்டாள். அன்று அவர்கள் தூக்கம் வரும் வரை ஆடினார்கள். அவள் ஏற்றும்போதெல்லாம் அவர் பாதம் தரையை அழுத்தியது. அழுத்திக்கொண்டே இரண்டு கிளிப்பை நகர்த்தினார். பாதித் தடவை தோற்றார். மீதித் தடவை ஜெயித்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு ஒரு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டில் சம்பந்தி மாடியைப் பற்றியே பேசினார். பெயிண்ட் அடித்தாயிற்று, ஜன்னலுக்கு வலை போட்டாயிற்று. வாத்தியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச வேண்டும் என்று மூன்று தடவை தொண்டையைச் செருமினார். சம்பந்தியம்மா மூன்று தடவையும் தண்ணீர் ஊற்றினார்.

கீழே ஆட்டம் தொடங்கியது. நாலாவது ஆட்டத்தில் பெரிய பிளைண்ட் வாத்தியாரிடம் வந்தது. மருந்துக்கடைக்காரர் கவிழ்த்தார். மனைவி கவிழ்த்தாள். சீட்டுப் போட்ட சம்பந்தியம்மாவும் கவிழ்த்தார்.

"ஏத்துறேன்!"

வாத்தியார் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கிளாவர் ஒன்பது, ஆர்ட்டின் ஆறு. இதை வைத்துக்கொண்டு கோட்டை பிடிக்க முடியாது. நடுவில் கிடப்பது ஆறு, போட வேண்டியது இரண்டு. மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல வாத்தியாரின் சீட்டுகளை வாங்கிக் கலைப்பதற்காகக் கையை நீட்டிவிட்டார்.

"கூட வர்றேன்" என்றார் வாத்தியார்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மருந்துக்கடைக்காரர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். சம்பந்தி, காதில் விழுந்தது நிஜம்தானா என்பது போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வர்றீங்களா?"

"வர்றேன்."

மூன்று சீட்டு திறந்தார்கள்: ராஜா, ஒன்பது, நாலு. வாத்தியாருக்கு ஒன்பது ஜோடி சேர்ந்துவிட்டது. சம்பந்தி இரண்டு வாஷர் வைத்தார். வேறு நாளாக இருந்தால் வைக்கிறபோதே பெட்டியைத் தட்டியிருப்பார், இப்போது தட்டவில்லை. வாத்தியார் அவர் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாளில் அவர் முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது இருப்பதே இவருக்குத் தெரியாது.

"வர்றேன்."

அடுத்த சீட்டு இரண்டு. இனிமேல் அளவு இரட்டிப்பு. சம்பந்தி நாலு வைத்தார். வாத்தியாரும் வைத்தார். கடைசிச் சீட்டு ஏழு. சம்பந்தி மறுபடி நாலு. வாத்தியார் நாலை எண்ணி வைத்தார். ஒரு வாஷர் உருண்டு சம்பந்தியம்மாவின் மடியில் விழ, அவர் எடுத்து நடுவில் போட்டார்.

"வர்றேன். காட்டுங்க."

சம்பந்தி சீட்டைத் திருப்பினார். ராஜாவும் மூன்றும். ராஜா ஜோடி. வாத்தியாரின் ஒன்பது தோற்றது.

வாத்தியார் நடுவில் கிடந்த குவியலைப் பார்த்தபடி இருந்தார். மோதியாயிற்று. கண்ணாடி உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை, எதிரே இருப்பவர் முகம்கூடக் கோணவில்லை. கோணாதது மட்டுமா? சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். ஜெயித்த வாஷர்களை எடுக்கவே இல்லை.

"கடைசி வரைக்கும் வந்துட்டீங்களே! ஒன்பது ஜோடியை வச்சுக்கிட்டு! பாத்தியா?" என்று மனைவியிடம் கத்தினார். "இவரை இழுத்துட்டு வரணும்னு ரெண்டு வருஷமா கண்ட குப்பையை வச்சு ஏத்திட்டிருக்கேன். ஏழும் ரெண்டும் வச்சுக்கூட ஏத்தியிருக்கேன், சம்பந்தி! இன்னிக்குத்தான் கையில ராஜா வந்தது. இன்னிக்குன்னு பாத்து வர்றீங்க!"

வாத்தியாரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றுப் போனதில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்திருந்தது. அது மறுபடி பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

"சம்பந்தி, எங்க கட்டடத்துல கீழ் வீடு காலியா இருக்கு."

"அதுக்கு?"

"பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கே வரணும். பேத்தியை நான் பாத்துக்கணும். காலையில எனக்கு வகுப்பு கிடையாது. இவ கடையிலேர்ந்து மத்தியானம் வந்துடுவா. நடுவுல ஒரு மணி நேரம்தான் இடைவெளி, அதுக்கும் ஆள் பேசி வச்சிருக்கேன்." குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "பேத்தி எனக்கு வேணும், சம்பந்தி."

சம்பந்தி மெல்ல உட்கார்ந்தார். முகத்திலிருந்த கொண்டாட்டம் போய்விட்டது. சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார்.

"அண்ணா, நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே? உங்களுக்குக் குழந்தையை வச்சுக்கிறதுல விருப்பம் இல்லைன்னு நாங்க நினைச்சுட்டோம்."

"விருப்பம் இல்லையா?"

"பேர் வச்சப்போ சரின்னீங்க. தொட்டில் போட்டப்போ சரின்னீங்க" என்றார் சம்பந்தி. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இல்லைன்னு சொல்லியிருந்தா, சரி, நம்ம வீட்டு மனுஷன்னு இருந்திருக்கும். வாசல்ல வந்து நிக்கிற விருந்தாளி மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டினீங்க. இவருக்கு நம்மளைப் பிடிக்கலை, பொண்ணுக்காகப் பொறுத்துக்கறார்னு நானும் இவளும் எத்தனை நாள் பேசியிருக்கோம் தெரியுமா?"

வாத்தியாருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர்கள் மனம் நோகக்கூடாதென்று அவர் விழுங்கிய வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவர்களைத்தான் நோகடித்திருக்கின்றன. மரியாதை என்று நினைத்து இரண்டு வருஷமாக ஒரு நல்ல மனிதரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது தான்தான் என்பது புரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிக்கும்" என்றார். சொன்ன பிறகுதான், இதை இதுவரை சொன்னதே இல்லை என்று தெரிந்தது.

"பிடிச்சா சரி." சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். பிறகு திடீரென்று பெட்டியைத் தட்டினார். "ஆனா பேத்தி எனக்கும் வேணும்! சும்மா விட்டுடுவேன்னு நினைச்சீங்களா?"

மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடையே கிடையாது.

"வாரத்துல அஞ்சு நாள் இங்கே, ரெண்டு நாள் அங்கே!" என்றார் சம்பந்தி.

வாத்தியாரின் நாக்கு நுனியில் 'உங்க இஷ்டம்' வந்து நின்றது. மனைவியைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி முதலில் பேசட்டும், நம் முறை இரண்டாவது என்று வாத்தியார் பேசாமல் இருந்தார்.

"சரி, நாலு நாள்."

வாத்தியார் பேசவில்லை.

"என்ன சம்பந்தி, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? மூணு! அம்மா அப்பா எங்கே இருக்காங்களோ அங்கேதான் குழந்தை இருக்கணும், அது எனக்கும் தெரியும். ஆனா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்கே. லீவு விட்டா முழுக்க இங்கே. இதுக்குக் கீழே ஒரு அங்குலம் இறங்க மாட்டேன்!"

தன்னந்தனியாகவே ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கி வந்துவிட்ட மனிதர், இறங்க மாட்டேன் என்று சூளுரைப்பதைப் பார்த்துச் சம்பந்தியம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"லீவுல பாதி இங்கே, பாதி அங்கே" என்றார் வாத்தியார்.

"அநியாயம்!"

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே நானே கொண்டாந்து விடறேன்."

"வெள்ளிக்கிழமையேவா?" சம்பந்தியின் குரல் ஒரு படி இறங்கியது. "சத்தியமா?"

"சத்தியமா."

வாத்தியார் அங்கேயே போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "எடுத்துக்கறோம்" என்று சொன்னார். அடுத்து மகளைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னார். "நீயாப்பா கேட்டே? மாமாகிட்டயா?" என்று கேட்டாள். "நானேதான்" என்றார். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது சம்பந்தி அவர் தோளைத் தொட்டு, "மேலே வாங்க, ஒண்ணு காட்டணும்" என்றார்.

மாடிப்படியின் உச்சியில் ஒரு குட்டிக் கதவு பொருத்தியிருந்தது. பழைய ஸ்பீக்கர் பெட்டியின் பலகையை அறுத்துச் செய்தது. விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து, மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. தவழ்கிற பிள்ளை படியில் உருண்டுவிடக்கூடாதென்று வைத்தது. தாழ்ப்பாள் அந்தப் பக்கத்தில், பிஞ்சுக் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கீல் கிறீச்சிட்டுத் தூக்கம் கலையக்கூடாதென்று எண்ணெய்கூட விட்டிருந்தது.

"ஒரு வாரம் ஆச்சு. நானே பண்ணினேன்" என்றார் சம்பந்தி. உரக்கச் சொல்லவில்லை. அவரால் இப்படியும் பேச முடியும் என்று வாத்தியாருக்குத் தெரியாது.

வாத்தியார் அந்த மஞ்சள் பலகையைத் தடவிப் பார்த்தார். ஒரு சிராய் இல்லை. பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டால் இந்த மனிதரின் முகம் எப்படி மலரும் என்பதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, இதைப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கலை. விட்டுக் குடுத்துடலாமான்னு இருக்கு." மூச்சை இழுத்து விட்டார். "ஆனா விட மாட்டேன்."

சம்பந்தி குட்டிக் கதவைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளைப் போட்டு ஆட்டிப் பார்த்தார்.

"விடாதீங்க" என்றார். "விட்டீங்கன்னா மறுபடியும் நான் மட்டும்தான் ஆடணும். ரெண்டு வருஷமா எதிர்ல ஆளே இல்லாம ஆடிட்டிருக்கேன்."